மாலை ஓர் ஊராகும் உலகு

புனைவுலகு படைக்க விழையும் கவிஞன் முதலில் மூன்று கண்ணுடைய மாந்தரையும் ஊதாநிறக் காடுகளையும் அமைக்கிறான். அவையெல்லாம் அணிகலன்கள், கழற்றிவிட்டால் எஞ்சுவது பழைய புவியே. மெய்யாகவே விண்ணில் உள்ள ஒரு கோளை எடுத்து, அதன் இயல்புக்குக் கட்டுப்பட்டுக் கற்பனை செய்பவனுக்கோ சொற்களே இடறும்.

சூரியனுக்கு மிக அண்மையில் உள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி, தொலைவு 4.24 ஒளியாண்டு. அதைச் சுற்றும் கோள் ஒன்று உண்டென வானியலார் 2016-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அக்கோளை எவரும் கண்டதில்லை. ஒரு மனிதன் நடக்கும் வேகத்தில் விண்மீன் முன்னும் பின்னும் அசைவதை அளந்து, அவ்வசைவைக் கொண்டு அறிந்தனர். காலடி ஓசையால் ஆளை அறிவது போன்றதே இது. பெயர் 'பிராக்சிமா பி'.

அதன் ஓராண்டு 11.2 புவிநாள். தன் ஞாயிற்றை ஏறத்தாழ 73 லட்சம் கிலோமீட்டர் நெருக்கத்தில் சுற்றுவதால், நிலவு புவிக்கு ஒரு முகமே காட்டுவது போல அதுவும் ஒரு முகமே காட்டக்கூடும் என்பர். அதையே மெய்யெனக் கொண்டால் ஒரு பாதியில் ஓயாப் பகல். மறுபாதியில் விடியா இரவு. இடையே வளையமாக அந்தி.

தொல்காப்பியம் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாக வகுத்தது. அங்கே அவ்விரண்டும் ஒன்றாகிவிடும். பாலைக்குரிய நண்பகல், ஞாயிறு உச்சியில் நிற்கும் நிலத்தைவிட்டு நகராது. குறிஞ்சிக்குரிய யாமம் வேண்டுவோன் மறுபாதிக்கு நடந்தே செல்லவேண்டும். முல்லையின் மாலையும் மருதத்தின் வைகறையும் ஒரே வளையத்தில் அமையும்: பகலிலிருந்து வருபவனுக்கு மாலையாகும் ஊர், இருளிலிருந்து வருபவனுக்கு வைகறை. அங்கும் 'மாலை வந்தது' என்று எழுதுபவன் புவியைத்தான் எழுதுகிறான்.

இடர்ப்பாடு முழுதும் முல்லைத் தலைவிக்கே. புவியில் மாலை வந்து வருத்தும், பின் நீங்கும். அவளோ மாலையிலேயே பிறந்தவள். அச்சு சாயாத கோளில் பருவமும் இல்லை. ஆதலின் 'கார்காலத்தில் மீள்வேன்' என்று தலைவன் சொல்லிச் செல்லவும் வழியில்லை. பிரிந்த காலத்தை அவள் எதைக்கொண்டு எண்ணுவாள்?

ஒரு வழி உண்டு. ஒருமுறை வலம் வருவதற்குள் கோள் தானும் ஒருமுறை சுழல்வதால், இருட்பக்க வானில் விண்மீன்கள் 11.2 நாளுக்கொரு சுற்று வரும். அவற்றை எண்ண, அவள் ஞாயிற்றுக்குப் புறங்காட்டி நிற்கவேண்டும். தலைவன் பொருள்தேடிப் போனதோ பகற்பக்கம். அவன் வரும் வழிக்கு முதுகு காட்டினாலன்றிக் காத்திருப்பை அளக்க இயலாது.

அந்த ஞாயிறு அமைதியானதும் அன்று. 2016 மார்ச் மாதத்தில் அது திடீரெனப் பொங்கி ஏறத்தாழ 68 மடங்கு ஒளிர்ந்தது. அத்தகைய பொங்கல் நிகழும்போது, இருளை நோக்கி நிற்கும் தலைவியின் முன்னே நீண்டு கிடக்கும் அவள் நிழல் சட்டென்று கறுக்கும். திரும்பிப் பாராமலே அவள் அறிவாள், அவன் இருக்கும் நண்பகல் நிலம் எரிகிறதென்று.