சிறிய வீடும் பழைய பெட்டியும்



சாமான் வைக்க இடமில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளாத வீடு நம்மிடையே இல்லை. தோட்டத்து லயத்தில் இருந்தபோதும் அதைச் சொன்னோம். கித்தா மரங்கள் சாய்ந்து செம்பனை வந்த பிறகு, தோட்டங்கள் வீட்டு மனைகளான பிறகு, சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் என்று பட்டணத்துப் பக்கம் வந்து மலிவு விலை வீடுகளில் குடியேறினோம். இப்போதும் அதையேதான் சொல்லுகிறோம். லயத்து வீட்டில் இருந்த வசதி என்ன? கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, சுவருக்குச் சுவர் கட்டிய ஒரு கொடி, அடுப்பங்கரையில் ஒரு பலகை, தலைக்கு மேல் ஒரு பரண். அவ்வளவுதான். அங்கிருந்து புறப்படும்போது பலர் கட்டிலைக்கூட விட்டுவிட்டு வந்தார்கள். பெட்டியை மட்டும் விடவில்லை. இன்றும் அது அடுக்குமாடி வீட்டின் ஒரு மூலையில் இருக்கும். அதன் மேல் துணி மூட்டை, அதற்கு மேல் விசிறி வந்த அட்டைப்பெட்டி, அதற்கும் மேல் சென்ற ஆண்டுத் தீபாவளிப் பலகாரம் வந்த டின்கள்.

சிறிய இடத்தில் சாமான்களை ஒழுங்காக வைப்பது பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வேண்டாததைத் தூக்கி எறியுங்கள் என்றுதான் தொடங்குவார்கள். நாங்கள் அப்படித் தொடங்கப் போவதில்லை. காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்த ஒரு பையனுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தது. அந்த வயதில் அடையாளக் கார்டு எடுக்க வேண்டும் அல்லவா? பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னோம். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, பையன் தலையைக் குனிந்துகொண்டே நின்றான். பிறகு அவனுடைய தாயார் வந்து சொன்னார். போகிப் பண்டிகையன்று விடியற்காலையில் வீட்டைச் சுத்தம் செய்த பாட்டி, பழைய பாய், கிழிந்த துணிகளோடு ஒரு ரொட்டி டின்னில் இருந்த தாள்களையும் நெருப்பில் கொட்டிவிட்டாராம். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டின்னின் மேலே இருந்தவை எல்லாம் பழைய மின்சாரக் கட்டணத் தாள்கள். கீழே என்ன இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லி வைக்கவில்லை.

பையன் தப்பித்தான். முதலாம் ஆண்டில் சேர்த்தபோது எங்கள் பள்ளிப் பதிவேட்டில் பிறப்புப் பத்திரத்தின் எண்ணைக் குறித்து வைத்திருந்தோம். அந்த எண்ணைக் கொண்டு தேசியப் பதிவு இலாகாவில் மறுபிரதி கிடைத்தது. ஆனாலும் நாள்கூலிக்காரரான தகப்பனாருக்கு மூன்று நாள் சம்பளம் போயிற்று. அதே டின்னில் காலஞ்சென்ற தாத்தாவின் கூட்டுறவுச் சங்கப் பங்குத் தாளும் இருந்ததாம். அதன் எண் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எந்தச் சங்கம் என்பதுகூட வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. அது போனது போனதுதான்.

ஆகவே நேயர்களே, முதல் வேலை எறிவது அன்று, படிப்பது.

நம் மக்களின் வாழ்க்கையில் ஒரு தாளுக்கு இருந்த மதிப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். அவசரகாலம் தொடங்கிய 1948-இல்தான் இந்நாட்டில் அடையாளக் கார்டு வந்தது. 1957 ஆகஸ்டு 31-இல் சுதந்திரம் வந்தபோது, அன்று முதல் இங்கே பிறக்கும் குழந்தைகள் பிறப்பினாலேயே குடிமக்கள் ஆனார்கள். முன்பே பிறந்திருந்த பெரியவர்களில் பலர் மனுப் போட்டுத்தான் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. கிராணியிடமோ வாத்தியாரிடமோ போய் எழுதி வாங்கியவர்கள் பெற்றார்கள்; நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தவர்கள் பெறவில்லை. 1962 அக்டோபருக்குப் பிறகு விதி மாறியது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்று வந்தது. அதாவது, பிள்ளையின் உரிமைக்குப் பெற்றோரின் தாள் சாட்சியாயிற்று. 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தினால், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்வதற்கே உரிமம் வாங்க வேண்டியதாயிற்று. நாற்பது ஆண்டு பால் வெட்டியவர்களும் அதன் பிறகு கப்பலேறிப் போனார்கள். அந்தத் துயரத்தின் மிச்சம் இன்னும் தீரவில்லை. 2011-இல் மைடஃப்தார் என்ற பெயரிலும், 2017-இல் மெகா மைடஃப்தார் என்ற பெயரிலும், பத்திரமில்லாத இந்தியர்களைத் தேடிப் பதிவு செய்யும் இயக்கங்கள் நடைபெற்றன என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

கலியாணப் பதிவும் அப்படித்தான். 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். கோவிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட தம்பதிகளின் பிள்ளைகள் பிறகு படும் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இனிப் பெட்டியைத் திறப்போம். இதற்கு ஏற்ற காலம் தை, மாசி. நமது கெடா மாநிலத்தில் மழை குறைந்து நல்ல வெயில் அடிக்கும் மாதங்கள் அவை. ஈரக் காற்றில் திறந்து மூடினால் பூஞ்சணம் கூடவே குடியேறிவிடும். முற்றத்திலோ கூடத்திலோ ஒரு பாயை விரித்து, பெட்டியிலிருப்பது முழுவதையும் வெளியே எடுத்து வையுங்கள். பாதியை எடுத்துவிட்டுப் பாதியை உள்ளேயே கிளறுவது வேண்டாம். அது பெட்டியைக் கலைப்பதாகுமே தவிர அடுக்குவதாகாது. வீட்டில் பெரியவர் இருந்தால் அவரை நாற்காலி போட்டு அருகில் உட்கார வையுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு தாளையும் எடுத்து உரக்கப் படிக்கட்டும். பழைய தாள்கள் ஆங்கிலத்திலும் பிற்காலத்தவை மலாயிலும் இருக்கும். புரியாததைத் தனியே வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்லுகிறோம். இதற்காக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

பிறப்பு, இறப்பு, திருமணப் பத்திரங்கள், குடியுரிமைத் தாள், ஊழியர் சேமநிதிக் கணக்கு, சொக்சோ தாள், வீட்டுப் பத்திரம், பங்குத் தாள் இவற்றை ஒருக்காலும் எறியலாகாது. துன் சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று பங்கு சேர்த்து 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், முதன்முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம் தோட்டம்தான். அந்த நாளில் பங்கு வாங்கிய தாத்தா பாட்டிமார்களின் தாள்கள் எத்தனையோ பெட்டிகளின் அடியில் இருக்கக்கூடும். அவர் காலமாகியிருந்தாலும் வாரிசுகள் விசாரிப்பதற்கு அந்த எண் வேண்டும்.

தாள்களைக் கட்டி வைக்க ரப்பர் வளையம் போடாதீர்கள். ரப்பரிலேயே பிழைத்தவர்கள் நாம்; ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இந்தச் சூட்டில் அது இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். குண்டூசியும் வேண்டாம், துருப்பிடிக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று சூடுபோட்டு ஒட்டும் பிளாஸ்டிக்கில் சிலர் அடைத்து விடுகிறார்கள். ஒருமுறை ஒட்டிவிட்டால் பிறகு தாளைச் சேதமில்லாமல் எடுக்க முடியாது. கடையில் விற்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைக் கோப்பு போதும். அதில் ஆளுக்கு நான்கு உறை என்று ஒதுக்கிவிடுங்கள். எல்லா எண்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதை வேறோர் இடத்தில், முடிந்தால் மகள் வீட்டில், வையுங்கள். கைப்பேசியில் படமெடுத்து வைப்பதும் நல்லதுதான். ஆனால் கைப்பேசி தொலையும், நோட்டு அவ்வளவு சுலபமாகத் தொலையாது.

கோப்பைப் பெட்டியின் அடியில் வைக்காமல் மேல்தட்டில் வையுங்கள். 2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங் மாவட்டத்துக் குபாங் பகுதியில், மரக்கட்டைகளையும் சேற்றையும் அடித்துக்கொண்டு வந்த வெள்ளம் மக்களுக்கு யோசிக்கவும் நேரம் தரவில்லை. கைக்கு எட்டும் இடத்தில் ஒரே கோப்பாக இருந்தால், பிள்ளையை ஒரு கையிலும் அதை மறு கையிலும் எடுத்துக்கொண்டு ஓடலாம்.

அடுத்தது துணி. இரண்டு தீபாவளி தாண்டியும் யாரும் உடுத்தாத துணியை மடித்து மடித்து வைப்பதில் பயனில்லை. நல்லதாக இருந்தால் கொடுத்துவிடுங்கள், கிழிந்திருந்தால் கைப்பிடித் துணியாக்குங்கள். இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. பாச்சை உருண்டை போட்டு வைத்த தொட்டில் சீலை, கம்பளி, குழந்தைச் சட்டை இவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பச்சைக் குழந்தைக்குச் சுற்றிவிடாதீர்கள். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். நம் நாட்டு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் இதற்காக இரத்தம் சோதிக்கிறார்கள். அத்தகைய குழந்தைக்கு நாப்தலீன் உருண்டையின் வாடை பட்டாலே இரத்த அணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். அது மூளையைத் தாக்கும் அளவுக்கும் போகலாம். பாட்டி ஆசையோடு எடுத்துக் கொடுக்கும் சீலை அது. வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. குழந்தை உள்ள வீட்டில் அந்த உருண்டையே வேண்டாம். காய்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து போட்டுவிட்டு, அவ்வப்போது துணிகளை வெயிலில் உலர்த்தி எடுத்தால் போதும்.

அடுப்பங்கரைக்கு வருவோம். போத்தல்களைச் சேர்த்து வைப்பது நம்மவர்களின் பழக்கம். தவறென்று சொல்லமாட்டோம், மைலோ டின்னில் பருப்பும் ஹார்லிக்ஸ் போத்தலில் ஊறுகாயும் வைத்துத்தான் நாம் எல்லாரும் வளர்ந்தோம். ஆனால், தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலைக்குப் போனவர்கள் மிஞ்சிய களைக்கொல்லியைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி, வீட்டு மூலையிலோ பலகைக்கு அடியிலோ வைத்துவிடுவதுண்டு. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முற்றாகத் தடை செய்யப்பட்டுவிட்டது. ஒரு மிடறு உள்ளே போனாலும் உயிரைக் குடிக்கும்; அதற்கு மாற்று மருந்து கிடையாது. தடை வந்துவிட்டதால் மறந்துபோன போத்தலும் மறைந்துவிடாது. எழுத்தில்லாத போத்தலை முகர்ந்தும் பார்க்காதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் தனியே வைத்து, தோட்ட நிர்வாகத்திடமோ விவசாய இலாகாவிடமோ கேட்டு ஒப்படையுங்கள். மண்ணெண்ணெய், துணி வெளுக்கும் மருந்து எதுவானாலும் வந்த போத்தலிலேயே இருக்கட்டும்.

சாப்பாட்டு அலமாரியின் கால்களுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைக்கிறோம் அல்லவா? டெங்கிக் கொசு விரும்பி முட்டையிடும் இடங்களில் அதுவும் ஒன்று. முட்டை கொசுவாகப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். வாரம் ஒருமுறை கிண்ணத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில் கை நிறைய உப்புப் போடுங்கள். தேய்ப்பது முக்கியம். முட்டைகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் நீர் பட்டதும் பொரித்துவிடும். வீட்டுக்குப் பின்னால் எதற்காவது ஆகும் என்று போட்டிருக்கும் பழைய பால் மங்கு, டயர், பெயிண்டு வாளி இவை எல்லாம் மழைநீர் தாங்குபவை. ஒன்று கவிழ்த்து வையுங்கள், இல்லையேல் போட்டுவிடுங்கள்.

முதலில் சொன்ன பாட்டியின் வீட்டுக்கு அப்புறம் ஒருநாள் நாங்கள் போயிருந்தோம். அந்தத் தகரப் பெட்டியை அவரே எங்களுக்கு முன்னால் காலி செய்தார். இம்முறை பேரன் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னான். அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பால்வெட்டுக் கத்தி இருந்தது. மகன் அதை எறியும் பக்கம் வைத்தார். இனிமேல் யார் மரம் வெட்டப் போகிறார்கள் என்பது அவர் வாதம். பாட்டி ஒன்றும் பேசாமல் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இது இருக்கட்டும் வாத்தியாரே" என்றார். இருக்கட்டும் என்றுதான் நாங்களும் சொன்னோம். கத்திக்கு எண்ணெய் தடவி, வாயைத் தடித்த துணியால் சுற்றிக் கட்டி, பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத பரணில் வைத்தோம். பெட்டியின் மேல்தட்டில் இப்போது கோப்பு இருக்கிறது.