குற்றப் பதிவேட்டை யார் பார்க்கலாம்?

(தோட்ட மக்களுக்காக நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தோட்டங்களுக்கு நாங்கள் செல்லும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று, பெண் கொடுக்க நினைக்கும் வீட்டாரின் கேள்வி: “பையன் கிள்ளானில் வேலை செய்கிறான். அவன்மேல் ஏதேனும் வழக்கு இருந்ததா என்று எங்கே போய்ப் பார்ப்பது?” மற்றொன்று, மகனைப் பெற்ற தாயின் கேள்வி: “என் பையன் எப்போதோ கோர்ட்டில் அபராதம் கட்டினான். இப்போது வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். பழைய கதை தெரிந்துவிடுமா?” முன்னவர் பதிவேடு திறந்திருக்க வேண்டுமென விரும்புகிறார். பின்னவர் அது மூடியிருக்க வேண்டுமென விரும்புகிறார். இருவருடைய கவலையும் நியாயமானதே. சட்டம் இவர்களுக்கு என்ன விடை தருகிறது என்பதை இன்று பார்ப்போம்.

விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிறார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்பதை அங்கே நிற்கும் அனைவரும் கேட்கிறார்கள். ஆனால் ஆபீசில் கிராணியாரின் மேசைமேல் இருக்கும் செக்ரோலை வழியிற்போவோர் யாரும் புரட்டிப் பார்க்க முடியாது. குற்ற வழக்குகளின் நிலையும் இதைப் போன்றதே. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, குற்ற வழக்கு விசாரிக்கப்படும் இடம் பொதுமக்கள் வந்து போகக்கூடிய திறந்த நீதிமன்றம் என்று கூறுகிறது. கிள்ளான் நீதிமன்றத்திலோ, ஜாலான் டூத்தா என்று நாம் அறிந்திருந்த சாலையிலுள்ள கோலாலம்பூர் நீதிமன்ற வளாகத்திலோ நீங்கள் சென்று பின்வரிசையில் அமர்ந்து வழக்கைக் கேட்கலாம். சிறுவர் நீதிமன்றம் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே பொதுமக்களுக்கு இடமில்லை. பிள்ளையின் பெயரையோ படத்தையோ பத்திரிகைகளும் வெளியிடக் கூடாது.

தண்டிக்கப்பட்டவர்களின் பதிவேடோ வேறு. அது 1969ஆம் ஆண்டின் குற்றவாளிகள், விரும்பத்தகாதோர் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் போலீஸ் படையின் பொறுப்பில் உள்ளது. கைரேகையும் விவரங்களும் அதில் ஏறுகின்றன. பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் நிலையத்துக்குச் சென்று, “இன்னாருடைய பதிவைக் காட்டுங்கள்” என்று கேட்டால் காட்டமாட்டார்கள். காட்டக் கூடாது என்பதே முறை.

அமெரிக்காவில் இப்படியில்லை. அந்நாடு 3,000க்கு மேற்பட்ட கவுண்டிகளாகப் பிரிந்திருக்கிறது. கவுண்டி என்பதை நம் மாவட்டத்தைப் போன்றதென வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான கவுண்டிகளில் நீதிமன்ற எழுத்தரிடம் பெயரைக் கூறிப் பழைய வழக்குகளை எவரும் தேடலாம். இந்தியாவிலும் மாவட்ட நீதிமன்ற வழக்குகளைக் கட்சிக்காரர் பெயர்கொண்டு அரசாங்க இணையத்தளத்தில் தேடும் வசதி இருக்கிறது. நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு கவுண்டியில் தேடியவருக்கு அடுத்த கவுண்டியில் நடந்தது தெரியாமல் போகலாம். அதைவிடப் பெரிய சங்கடம் பெயரில் இருக்கிறது.

ஆசிரியப் பயிற்சி பெற்று இத்துறைக்கு வந்தவர்கள் நாங்கள். வகுப்பில் “கிருஷ்ணன்” என்று கூப்பிட்டால் மூன்று பிள்ளைகள் எழுந்து நின்றதைக் கண்டிருக்கிறோம். நம்மிடையே ஆறுமுகமும் முனியம்மாவும் எத்தனை பேர்! சுப்பிரமணியம் என்ற ஒரே பெயரை அண்ணனுக்கு ஒருவிதமாகவும் மாமனுக்கு வேறுவிதமாகவும் ரோமன் எழுத்தில் எழுதிவைத்த பதிவுகள் எத்தனை! பெயரை மட்டும் நம்பித் தேடினால் எவனோ செய்த திருட்டு ஒரு பாவமும் அறியாத பையன் தலையில் விழும். அவன் திருமணமும் நின்று போகும். 12 இலக்க அடையாளக் கார்டு எண்ணும் கைரேகையும் இருந்தாலன்றி ஆளை உறுதிப்படுத்த இயலாது. இங்கே ஒரு செய்தி. கைரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறை வளர்ந்தது கல்கத்தாவில். அங்கே 1897இல் கைரேகை நிலையம் அமைந்தது. எட்வர்ட் ஹென்றி என்ற அதிகாரியின் பெயரால் அது வழங்கினாலும் அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்தியர்களின் உழைப்பு அதில் பெரும்பங்கு வகித்தது. கையெழுத்திடத் தெரியாத நம் முன்னோர் சம்பள நாளில் வைத்த கைநாட்டு எத்துணை உறுதியான அடையாளம் என்பதை இதனால் உணரலாம்.

அப்படியானால் பொதுமக்கள் எதையுமே தேட முடியாதா? முடியும். குறிப்பிட்ட வழக்கின் எண்ணும் நாளும் நீதிமன்றமும் தெரிந்தால், அந்த நீதிமன்றத்தின் பதிவகத்தில் விண்ணப்பித்துக் கேட்கலாம். அனுமதிப்பது பதிவாளரைப் பொறுத்தது. கிள்ளானில் உள்ள கோப்பு கிள்ளானில் நடந்ததையே கூறும் என்பதை மறக்க வேண்டாம். ஊழல் தடுப்பு ஆணையம், ஊழல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டோரின் பெயரையும் படத்தையும் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. அது எவரும் பார்க்கக்கூடியது.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்நாளில் பால்வெட்டுக்குப் போகுமுன் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றோம். ஆயா யார், அவர் குடும்பம் எது என்பது லயம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. இன்று தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்ற மகளும் மருமகளும், முன்பின் அறியாதவரிடம் குழந்தையை விட்டு வேலைக்குச் செல்கிறார்கள். குழந்தைகளுக்கு எதிராகக் குற்றம் புரிந்து தண்டிக்கப்பட்டோரின் பதிவு ஒன்றைச் சமூகநல இலாகா வைத்திருக்கிறது. 2001ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது அதற்கு வழி செய்யப்பட்டது. அந்தப் பட்டியல் சுவரில் ஒட்டப்படுவதில்லை. பிள்ளைகளைப் பராமரிக்க ஒருவரை வேலைக்கு அமர்த்துவோர், அவருடைய பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் கொண்டு இலாகாவில் விண்ணப்பித்து அறிந்துகொள்ளலாம். பெண் வீட்டாரின் ஆவலைவிட இந்தத் தேவை மிகப் பெரியது என்பது எங்கள் கருத்து.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். கைது செய்யப்படுவது வேறு, குற்றஞ்சாட்டப்படுவது வேறு, குற்றவாளி எனத் தீர்க்கப்படுவது வேறு. போலீஸ் நிலையத்தில் ஓரிரவு இருந்தவரையெல்லாம் “உள்ளே போய் வந்தவன்” என்று பேசுவது நம்மிடையே உள்ள தீய பழக்கம். அவ்வாறே வழக்கிலிருந்து விடுவிக்கப்படுவது வேறு. விடுதலை பெறுவது வேறு. விடுதலையாகாத விடுவிப்பு என்றால் அதே வழக்கைப் பின்னர் மீண்டும் கொண்டுவர அரசாங்கத் தரப்புக்கு உரிமையுண்டு. எனவே கோர்ட்டிலிருந்து வெளியே வரும்போது, எந்த வகையில் வெளியே வந்தோம் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பல இளைஞர்கள் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. “ஒத்துக்கொள், அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்” என்று யாரோ கூறுகிறார்கள். தகப்பனார் நகையை அடகு வைத்துப் பணத்தைக் கட்டுகிறார். விஷயம் முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதும் தண்டனையே. சிறைக்குப் போகவில்லை என்பதால் அது இல்லாமற் போய்விடுவதில்லை. ஆண்டுகள் சென்றபின், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக விரும்பும்போது அது எதிரே வந்து நிற்கும். முதன்முறை தவறியவரை, சில குற்றங்களில், தண்டனைத் தீர்ப்புப் பதியாமலே நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க 173ஏ பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத குடிமக்களுக்காகத் தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் பணியாற்றி வருகிறது. கைதான நேரத்திலேயே குடும்பத்தாருடனும் வழக்கறிஞருடனும் தொடர்புகொள்ளக் கேட்பது உரிமை. வாய்மூடி இருந்துவிட வேண்டாம்.

தன் நிலையைத் தானே அறிந்து காட்ட விரும்புவோருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் உள்ளது. புத்ராஜெயாவில் உள்ள வெளியுறவு அமைச்சு, போலீஸ் பதிவைச் சரிபார்த்து அதை வழங்குகிறது. வெளிநாட்டு வேலை, கல்வி, குடியேற்றம் ஆகியவற்றுக்காக அது கேட்கப்படுகிறது. உள்ளூர்ச் சம்பந்தப் பேச்சுக்காக வழங்கப்படுவதன்று. விண்ணப்பம் இணையத்தின் வழியே செல்கிறது. கட்டணமும் சிறு தொகைதான். ஆதலால், “பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், ஆயிரம் வெள்ளி கொடுத்தால் பேரைக் கழுவித் தருவார்” என்று வருவோரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பதிவைக் காசுக்கு அழிக்க எவராலும் இயலாது. கொடுத்தவரும் லஞ்சக் குற்றத்தில் சிக்குவார். பழைய தவறு ஒன்று இருக்க, புதியது ஒன்று சேரும்.

அத்தகைய ஆள் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தால், பணம் போடுமுன் போலீஸ் படையின் ‘செமாக் மியூல்’ இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். மோசடிப் புகார்களில் அடிபட்ட கணக்குகளும் தொலைபேசி எண்களும் அங்கே கிடைக்கும். அது தண்டனைப் பதிவன்று, எச்சரிக்கை மட்டுமே. அங்கே இல்லாததால் ஆள் யோக்கியர் என்றும் ஆகாது. பணம் போய்விட்டதென்று தெரிந்த அக்கணமே 997 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்றிருந்தால் பணம் கைமாறிவிடும்.

உரைக்குப் பிறகு நாங்கள் மண்டபத்தில் இருப்போம். சான்றிதழ் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டியவர்கள் அடையாளக் கார்டுடன் வரலாம். பழைய கோர்ட்டுத் தாள்கள் வீட்டில் இருந்தால் அவற்றையும் எடுத்து வாருங்கள். வழக்கு எண் அதில்தான் இருக்கும்.