அன்னிய மூலதனமும் நமது கிராமங்களும்
(ஊராட்சித் தலைவர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



அன்னிய மூலதனம் என்றதும் நம்மில் சிலர் அஞ்சுகிறோம். சிலர் அதனைக் கற்பக விருட்சமாகவே எண்ணுகிறோம். இரண்டும் பொருத்தமன்று. நம் கண்ணெதிரே நடந்த ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1991-ஆம் ஆண்டில் மத்திய அரசு புதிய தொழிற் கொள்கையை வகுத்து, அன்னிய மூலதனத்திற்கு வாயிலை அகலத் திறந்தது. அதன் பின்னர், ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைவித்து வந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் உருமாறிற்று. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை நிறுவிய தென் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார்களை வெளியிட்டது. 2006-இல் பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கிற்று. உழவர் குடும்பத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஆலை வேலைக்குச் சென்றனர். மழையை எதிர்நோக்கியிருந்த வீடுகளில் மாதந்தோறும் ஊதியம் வந்து சேர்ந்தது. இது பெரும் நன்மையே.

ஆனால் 2014-இல் நோக்கியா ஆலை மூடப்பட்டது. கைப்பேசிச் சந்தையில் அந்நிறுவனம் பின்தங்கியதும், வரி வழக்கினால் ஆலையை மைக்ரோசாப்டுக்குக் கைமாற்ற இயலாது போனதும் காரணங்களாயின. அதனையே நம்பியிருந்த துணை ஆலைகளிலும் சில அடங்கின. பின்னர் அவ்வளாகத்தில் வேறொரு நிறுவனம் தொழில் தொடங்கியது உண்மையே. எனினும், இடைப்பட்ட ஆண்டுகளில் வேலையிழந்த குடும்பங்கள் பட்ட துன்பம் சிறிதன்று. ஒரே வேலையைப் பழகிய கைகளுக்கு வேறு வேலை எளிதில் அமைவதில்லை. விற்றுவிட்ட நிலமும் திரும்புவதில்லை. கார்த் தொழிலோ, உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலைகள் பல சூழ்ந்து வளர்ந்தமையால் நிலைபெற்று நிற்கிறது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? மூலதனம் மழை போன்றது. பெய்யும் காலமும் ஓயும் காலமும் நம் வசத்தில் இல்லை. ஏரியைத் தூர் வாரிக் கரையைப் பலப்படுத்துவதே நம் வசத்திலுள்ளது.

ஆகவே, நாம் செய்யத்தக்கவை மூன்று. நம் பிள்ளைகள் ஓர் ஆலையின் ஒரு வேலையோடு நில்லாமல், தொழிற்பயிற்சி நிலையங்களில் முழுத் தொழிலையும் கற்கச் செய்வோம். நிலம் விற்று வரும் பணம் கல்வியாகவும் தொழிலாகவும் மாறுமாறு குடும்பங்களுக்கு எடுத்துரைப்போம். ஆலைகளால் ஊராட்சிக்குக் கிடைக்கும் வீட்டு வரியையும் தொழில் வரியையும் தவறாது வசூலித்து, குடிநீருக்கும் சாலைக்கும் செலவிடுவோம்.

ஆலைகள் வரட்டும், வரவேற்போம். அவை நீங்கினும் நிலைகுலையாத கிராமங்களை நாமே அமைப்போமாக!