துணியில் பிறந்த ஓவியம்



1911இல் பாரிஸில் சோனியா தெலோனே என்ற ஓவியர், தன் கைக்குழந்தைக்கு ஒரு போர்வை தைத்தார். உக்ரைனில் பிறந்தவர் அவர். அந்நாட்டுக் குடியானவர் வீடுகளில் இருப்பது போலவே பல நிறத் துணித்துண்டுகளை இணைத்துத் தைத்தார். தைத்து முடித்ததும் பார்த்தால், அப்போது புதிதாக வந்திருந்த, பொருளைக் கோணத் துண்டுகளாகக் காட்டும் கியூபிச ஓவியத்தின் அமைப்பு அதில் தெரிந்தது. அதே முறையை அவரும் கணவர் ராபரும் ஓவியத்தில் கையாளத் தொடங்கினார்கள்.

நவீன ஓவியம் பிரெஞ்சுப் பெண்களின் உடையை மாற்றியது என்று பொதுவாகச் சொல்கிறோம். அது உண்மைதான். ஆனால் சோனியாவிடம் ஊசியும் நூலும்தான் முதலில் வழிகாட்டின என்பதை மறந்துவிடக் கூடாது.

சோனியாவும் ராபரும் நம்பிய வண்ணக் கோட்பாடும் துணியிலிருந்து வந்ததே. பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலர் ஷெவ்ரல். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தார், சாயத்தில் குறை இல்லை, பக்கத்திலிருந்த நிறமே கறுப்பை மங்கலாகக் காட்டியது. அருகருகே வைத்தால் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்று 1839இல் அவர் நூலாக எழுதினார். அந்த விதியைத்தான் 1913இல் சோனியா உடையாகத் தைத்து, பால் புல்லியே நடன அரங்குக்கு அணிந்து போனார்.

இதற்குள் போல் புவாரே என்ற உடையமைப்பாளர் இடுப்பை இறுக்கும் கோர்செட்டை விலக்கி, ஓவியர் ரவுல் தூஃபியிடம் துணி அச்சுகள் வரையச் சொல்லியிருந்தார். 1920களில் உடை தோளிலிருந்து நேராகத் தொங்கியது. வளைவும் மடிப்பும் குறைந்த அந்தத் தட்டையான பரப்பில் சோனியாவின் வட்டமும் முக்கோணமும் சிதையாமல் நின்றன. உடல் அசைந்தால் ஓவியமும் அசைந்தது; சுவரில் மாட்டிய படத்துக்கு அது வாய்க்காது.

1917 ரஷ்யப் புரட்சியால் சோனியாவுக்கு ரஷ்யாவிலிருந்து வந்த சொத்து வருமானம் நின்றுபோனது. துணி வடிவமைப்பே குடும்பத்தைக் காப்பாற்றியது. 1923இல் லியோன் நகரப் பட்டு நிறுவனம் ஒன்று அவரிடம் 50 வடிவங்கள் கேட்டது. 1925 பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில், சேன் ஆற்றுப் பாலத்தின்மேல் அவர் கடை திறந்தார்.

தையல், கைவேலை என்று அந்த உழைப்பை ஒதுக்கிவைத்து, கணவரின் ஓவியங்களை மட்டும் பெரிதாகப் பேசியது பெரும் அநியாயம். ராபர் 1941இல் இறந்தார். சோனியாவின் முறை வர 1964 ஆனது. அவ்வாண்டு, உயிருடன் இருக்கும்போதே லூவ்ர் அருங்காட்சியகத்தில் தன் படைப்புகளின் கண்காட்சி கண்ட முதல் பெண் ஓவியர் அவர்தான்.