குளிசையும் இரவு வேலையும்

(ஸ்கார்பரோவில் எங்கட வாசிப்பு வட்டத்தில பேசினதின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிசாய்த் திருத்தேல்லை.)



என்ர மாமா ஒருவருக்கு "விசர்" எண்டு வீட்டில சொல்லுவினம், கதவைச் சாத்திப்போட்டு. அகதியாய் வந்து, இரவில தொழிற்சாலை, பகலில உணவகக் குசினி எண்டு வேலை செய்த மனிசன். ஒருநாள் சுவருக்குள்ள ஆமி கதைக்கிறது கேட்குது எண்டார். "அது எங்கட பரம்பரையில இருக்கு" எண்டு அம்மம்மா சொன்னா. எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. பரம்பரை எண்டால் எனக்கும்தானே?

இண்டைக்கு மூளை இரசாயனத்தைப் பற்றிக் கதைக்க வந்தது அந்தப் பயத்தாலதான்.

மாமாவுக்குக் குடுத்த மாதிரியான மருந்துகள் 1950களில் வந்தவை. வேலை செய்தன, ஆனால் எப்பிடி எண்டு தெரியாது. 1970களின் நடுவில ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில பிலிப் சீமன் அதைக் கண்டுபிடிச்சார். மூளையில டோபமைன் வந்து பொருந்துற ஏற்பியை இந்த மருந்துகள் அடைக்கின்றன. எந்த மருந்து அதை இறுக்கமாய்ப் பிடிக்குதோ, அதைக் கொஞ்சமாய்க் குடுத்தாலே போதும். அந்த ஏற்பியைத்தான் இப்ப டி2 எண்டு சொல்லுறம்.

சரி, அந்த டோபமைன் ஏன் கூடுது? இந்த நகரத்திலயே கேம்ஹெச் உளநல மையத்தில றொமினா மிஸ்ராஹியும், லண்டனில அலிஸ் எகேர்ட்டன், ஒலிவர் ஹவ்ஸ் ஆகியோரும் சேர்ந்து 2017இல் ஒரு ஆய்வு வெளியிட்டிச்சினம். இங்க 56 பேர்: 25 பேர் குடியேறிகளும் அவையின்ர பிள்ளைகளும், 31 பேர் மற்ற ஆக்கள். ஸ்கானருக்குள்ள படுக்க வைச்சு மனக்கணக்குக் குடுக்கிறது. நேரத்தை இறுக்கி இறுக்கிப் பிழை விட வைச்சு, "நீங்கள் பின்னுக்கு நிக்கிறியள்" எண்டு காட்டுறது. (எங்கட சனத்துக்கு இது செவ்வாய்க்கிழமை மாதிரித்தான்.) அந்த நெருக்கடியில குடியேறிகளுக்கும் பிள்ளைகளுக்கும் டோபமைன் கூடுதலாய் வெளிவந்தது. நோய் இருந்தாலும் இல்லாட்டிலும் அதே கதை. லண்டனில 76 பேரில டோபமைன் உற்பத்தியை அளந்தவை, அங்கயும் கூட.

இதை முதலில வாசிச்சபோது எனக்குக் கோபம்தான் வந்தது. "குடியேறியின்ர மூளை பழுது" எண்டு நாளைக்கு ஒருத்தன் எழுதுவான். ஆய்வும் சின்னது. ஆனால் 2015இல் கனடிய மருத்துவச் சங்கச் சஞ்சிகையில வந்த ஒன்ராறியோ ஆய்வைப் பக்கத்தில வைச்சுப் பார்த்தால் வேற படம் தெரியுது. உளப்பிறழ்வு நோய் வாற வீதம், வட ஐரோப்பாவில இருந்து வந்த குடியேறிகளுக்குப் பொதுச்சனத்தின்ர அரைவாசி. தெற்காசிய அகதிகளுக்கு 1.51 மடங்கு. அவையும் நாடு மாறினவைதான், இவையும் நாடு மாறினவைதான். நாடு மாறினதுதான் காரணம் எண்டால் இந்த வித்தியாசம் எங்க இருந்து வந்தது?

2010 ஓகஸ்டில் எம்வி சன் சீயில வந்த 492 தமிழரை யோசிச்சுப் பாருங்கோ. போருக்குத் தப்பி, கடலைத் தாண்டி, கரையில இறங்கினதும் தடுப்புக்காவல். சிலருக்கு மாதக்கணக்கில. ஸ்கானரில குடுத்த கணக்குக்கே டோபமைன் ஏறுது எண்டால், அந்த மாதங்களுக்கு?

இன்னொண்டு, எங்கட ஆக்களுக்கே. "மருந்து எல்லாம் முதலாளித்துவத்தின்ர தந்திரம், சமூகத்தை மாத்தினால் சரி" எண்டு சில தோழர்கள் சொல்லுகினம். தயவுசெய்து நோயாளியிட்ட அதைச் சொல்லாதேங்கோ. மாமா ஒருக்கா குளிசையை நிப்பாட்டினவர். மூண்டு கிழமை ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்லை. குளிசை திரும்பத் துடங்கினாப் பிறகுதான் அவர் எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர். மருந்து நிறுவனங்களின்ர விலையை எதிர்ப்பம், அது வேற விசயம்.

குயின் வீதியால போகேக்க கேம்ஹெச் வளவின்ர பழைய செங்கல் மதிலைப் பாருங்கோ. பத்தொன்பதாம் நூற்றாண்டில அந்த மதிலைக் கட்டினது உள்ளுக்கு அடைபட்டிருந்த நோயாளிகள்தான், கூலி இல்லாமல். அதையும் அப்ப "சிகிச்சை" எண்டுதான் சொன்னவை.

மாமாவின்ர டொக்டர் ரெண்டு விசயம் சொன்னவர்: குளிசையை விடாதேங்கோ, இரவு வேலையை விடுங்கோ. குளிசைக்கு ஒரு வழி கிடைச்சுது. இரவு வேலையை விட வீட்டு வாடகை விடேல்லை.