கடலடிப் பிரயாணமும் முன்னேற்பாடும்



மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், குளிப்புக்கு முன்னரே அரசாங்க உத்தியோகத்தர் முத்துப் பார்களுக்குச் சென்று சிப்பிகளை எடுத்துப் பரிசோதிப்பர். சிப்பி முதிர்ந்திருப்பதாகக் கண்டாலன்றிக் குளிப்பு அறிவிக்கப்பட மாட்டாது. வாடை ஓய்ந்து சோளகம் எழுவதற்கு முன்னர், கடல் அமைதியாய்க் கிடக்கும் நாட்களே அதற்குரிய காலம். குளியாளி எவனும் தனியே இறங்குவதில்லை. காலிற் கல்லைப் பூட்டி அவன் இறங்கும்போது அவனுடைய கயிற்றைப் பிடித்தவாறு தோணியில் வேறொருவன் நிற்பான். கயிறு அசைந்தால் அவன் இழுக்க வேண்டும். அரிப்பிலே ஆளுநர் நோத்து கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகளைக் கடல் இன்று அரித்துக்கொண்டிருக்கிறது, முத்துக்குளிப்பும் பழங்கதையாயிற்று. எனினும் காலம் பார்த்தல், இடம் பார்த்தல், துணை கொள்ளுதல் என்னும் அம்மூன்று வழக்கங்களும் கடலடிக்குச் செல்ல எண்ணும் எவருக்கும் இன்றும் வேண்டப்படுவனவே.

1943 ஆம் ஆண்டிலே பிரான்சுக் கடற்படையைச் சேர்ந்த கூஸ்தோ என்பவரும் கன்யான் என்னும் பொறியியலாளரும் ஒரு சுவாசக் கருவியை ஆக்கினர். முதுகிற் சுமக்கும் சிலிண்டரில் அடைத்த காற்றை, இறங்கிய ஆழத்துக்கு ஏற்ற அமுக்கத்தில் அது வாய்க்கு வழங்கும். அதற்கு முன் குளியாளிக்குத் தன் மூச்சே கடிகாரம். மூச்சு முட்டியதும் மேலே வந்தாக வேண்டும். புதிய கருவி அக்கடிகாரத்தை அகற்றிவிட்டது. ஆயினும் எல்லை அகன்றுவிடவில்லை. உடம்புக்கு உடனே தெரியாத வேறோர் எல்லை அவ்விடத்துக்கு வந்தது. ஆகையினாலேயே இப்பிரயாணத்துக்குத் திட்டம் வேண்டியிருக்கிறது.

முதலிற் காலத்தை நோக்குவோம். நமது நாட்டுக்கு இரண்டு பருவக்காற்றுக்கள் உண்டாதலின், ஒரு கரை கலங்கும்போது மற்றைக் கரை தெளிந்திருக்கும். சித்திரை பிற்கூறு தொடக்கம் புரட்டாதி வரை திருகோணமலை, பாசிக்குடா, மட்டக்களப்புக் கடல்கள் இசைவானவை. கார்த்திகை தொடக்கம் சித்திரை வரை இக்கடுவை, உனவட்டுன, கற்பிட்டிப் பக்கங்கள் நன்று. மார்கழி விடுமுறை கிடைத்ததே என்று நிலாவெளிக்குப் புறப்படுவோர் மழையையும் சேற்று நீரையும் கண்டு திரும்புவர்.

கீழ்க்கரையிலே காண்பதற்கு உரியவை பல. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கே முருகைக்கற்களில் மிதிக்கலாகாது. எதனையும் எடுத்து வருதல் சட்டப்படி குற்றமுமாகும். திருகோணமலைச் சுவாமிமலையின் அடியில், 1622 இல் போர்த்துக்கீசர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்குக் கற்களும் கிடப்பதை 1956 இல் இலங்கைக்கு வந்த ஆதர் சி. கிளார்க், மைக் வில்சன் ஆகிய இருவரும் கண்டு உலகுக்கு எழுதினர். மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற் கிடக்கிறது. பெயரைக் கேட்டவுடன் இளைஞர் அதனையே முதலில் நாடுவர். பொழுதுபோக்காக மூழ்குவோருக்கு விதித்த எல்லை 40 மீற்றர். புதிதாய்ப் பயின்றவருக்கோ 18 மீற்றரே. ஆகவே ‘ஹேர்மிஸ்’ விசேட பயிற்சி பெற்றோருக்கே உரியது. ஏனையோர்க்குப் புறாத்தீவின் 10 மீற்றர் நீரே ஒரு வாழ்நாளுக்குப் போதும் என்பது என் எண்ணம்.

நோர்வேயில் வாழும் என் சகோதரியின் மகன் சென்ற ஆடி மாதம் இங்கு வந்திருந்தபோது, எங்கள் வீட்டு மேசையில் நாட்காட்டியை விரித்துவைத்துத் திட்டமிட்டான். பயிற்சிச் சான்றிதழ், முந்திய மூழ்கல்களைப் பதிந்த குறிப்பேடு, நெஞ்சும் செவியும் நலமாயுள்ளன என்னும் வைத்தியரின் பத்திரம் ஆகியவை அவன் பையிலிருந்தன. பின்பு கடதாசியிற் கணக்குப் போட்டான். கலைப் பட்டதாரியாகிய எனக்கும் விளங்கிய கணக்கு அது.

12 லீற்றர் சிலிண்டரிலே 200 பார் அமுக்கத்துக்குக் காற்று அடைத்தால் 2400 லீற்றர் காற்று உண்டு. அதில் 50 பாரை, அதாவது 600 லீற்றரை, ஆபத்துக்கென ஒதுக்கினால் எஞ்சுவது 1800. ஒருவர் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவரென்று கொள்வோம். ஒவ்வொரு 10 மீற்றர் இறக்கத்துக்கும் அமுக்கம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. ஆகவே நீர்மட்டத்தில் 90 நிமிடத்துக்குப் போதுமான காற்று 10 மீற்றரில் 45 நிமிடத்துக்கும், 20 மீற்றரில் 30 நிமிடத்துக்குமே போதும். அச்சமோ நீரோட்டமோ வந்து மூச்சு விரைந்தால் அதுவும் குறையும். “மாமா, எப்போது இறங்குவது என்பதல்ல, எப்போது ஏறுவது என்பதைத்தான் நாங்கள் முதலில் எழுதுவோம்” என்றான் அவன்.

காற்றுத் தீர்வது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தெரியாத ஆபத்து நைதரசன். அமுக்கத்திலே சுவாசிக்கும் காற்றின் நைதரசன் குருதியிலும் தசையிலும் கரைகிறது. ஆழமும் நேரமும் கூடக் கூடக் கரைவதும் கூடும். மெல்ல ஏறினால் அது நுரையீரல் வழியே அமைதியாக வெளியேறும். விரைந்து ஏறினாலோ, சோடாப் போத்தலைத் திறந்தாற்போல் உடம்பினுள்ளேயே குமிழிகள் தோன்றும். ஆதலின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 9 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் ஏறி, 5 மீற்றரில் மூன்று நிமிடம் தங்கிப் பின்னரே மேலே வருதல் வழக்கம். ஏறும்போது மூச்சை அடக்கவே கூடாது. அமுக்கம் குறைய விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கூறாமற் செல்ல என் மனம் இடந்தரவில்லை. நான் கடலோரக் கிராமமொன்றின் அரசினர் பாடசாலை அதிபர். எங்கள் பாடசாலையிலே ஓட்டப் பந்தயங்களிற் பரிசு பெற்ற மாணவனொருவன், படிப்பை இடையில் நிறுத்திக் கடலட்டை பிடிக்கும் தொழிலுக்குச் சென்றான். அவன் முதுகிற் சுமந்ததும் என் மருமகன் சுமந்த அதே வகைச் சிலிண்டரே. ஆனால் பயிற்சியில்லை, ஆழமானியில்லை, மணிக்கூட்டுக் கணக்கில்லை. 20 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் நாளொன்றுக்கு நான்கு சிலிண்டர் முடிப்பான். ஒருநாள் மேலே வந்ததும் தோளில் நோவு என்றான். வாயுப்பிடிப்பென்று எண்ணெய் தடவிப் படுக்க வைத்தனர். விடியும்போது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இன்று அவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். “சேர், மூச்சு நல்லாத்தானே இருந்தது” என்று என்னிடம் அவன் சொன்னது இன்னும் என் செவியிலுண்டு. மூச்சு நன்றாய் இருப்பதே இந்நோயின் வஞ்சகம். நோவோ விறைப்போ கண்டவுடன் படுக்கவைத்துத் தூய ஒட்சிசன் கொடுத்து, அமுக்க அறையுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சிலர் நோயாளியை மீண்டும் கடலில் இறக்குவர். அது அவனைக் கொல்லவுங் கூடும்.

இனிப் பிறநாட்டுப் பிரயாணம். அதனைப் பின்னோக்கித் திட்டமிடுதல் வேண்டும். திரும்பும் விமானத்தின் நேரத்தை முதலில் எழுதி அங்கிருந்து பின்னே எண்ணிவர வேண்டும். விமானத்தினுள்ளே அமுக்கம் நிலமட்டத்திலும் குறைவாதலால், உடம்பில் எஞ்சிய நைதரசன் அங்கே குமிழியாகலாம். ஒரே ஒரு முறை மூழ்கியவர் 12 மணித்தியாலமும், பன்முறை மூழ்கியவர் 18 மணித்தியாலமும் பறத்தலாகாது என்பது பொதுவிதி. ஒரு முழு நாளே விடுதல் உத்தமம். இவ்விதி விமானத்துக்கு மாத்திரமன்று. காலையில் திருகோணமலையில் மூழ்கிவிட்டு மாலையில் நுவரெலியா ஏறுவோரும் ஏறத்தாழ 1900 மீற்றர் உயரத்துக்குச் செல்கின்றனர். சுற்றுலாச் சாரதிகள் இதனை அறிந்திருப்பது நன்று.

நமக்கு அண்மையிலுள்ள மாலைதீவுக்குத் தை தொடக்கம் சித்திரை வரை தெளிந்த காலம். அங்கே பொழுதுபோக்காக மூழ்குவோர் 30 மீற்றருக்குக் கீழே செல்வதைச் சட்டமே தடுக்கிறது. தாய்லாந்தின் சிமிலான் தீவுகள் வைகாசி நடுப்பகுதி தொடக்கம் ஐப்பசி நடுப்பகுதி வரை மூடப்படும். அது தெரியாமற் பயணச்சீட்டு வாங்குவதால் பணமே நட்டம். சிலிண்டரும் ஈயக்கட்டிகளும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். அவற்றைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை. முகக் கண்ணாடியும் வாய்க்கருவியும் தமக்குப் பொருந்தியவையாய் இருப்பது நல்லது. சாதாரண பிரயாணக் காப்புறுதி பலவற்றில் கடலடி மூழ்கல் விலக்கப்பட்டிருக்கும். சிறிய எழுத்துக்களையும் வாசித்தல் வேண்டும்.

உள்நாடாயினும் பிறநாடாயினும் படகில் ஏறுமுன் கேட்க வேண்டியவற்றைக் கூச்சமின்றிக் கேளுங்கள். படகில் ஒட்சிசன் உண்டா? அண்மையிலுள்ள அமுக்க அறை எங்கே? எம்மோடு இறங்குபவர் எத்தனை பேரைக் கவனிப்பார்? சிலிண்டரைத் திறந்து சிறிது காற்றை முகர்ந்தும் பாருங்கள். எண்ணெய் மணமோ புகை மணமோ இருப்பின் அதனை ஏற்கலாகாது. இயந்திரத்தின் புகைபோக்கிக்கு அருகிலே நிரப்பிய காற்றில் நஞ்சு கலந்திருக்கக்கூடும். நஞ்சாகிய காபனோரொட்சைட்டுக்கு மணமில்லையாதலின், மணமின்மையை மாத்திரம் நம்பிவிடவும் கூடாது. இவற்றைக் கேட்கும்போது முகஞ்சுளிக்கும் நிலையத்தாரை விட்டு அடுத்த நிலையத்துக்குச் செல்வதே முறை.

என் மருமகன் விட்டுச்சென்ற கணக்குக் கடதாசியை எங்கள் விஞ்ஞான ஆசிரியர் பெரிய அட்டையில் எழுதிப் பத்தாந்தர வகுப்பில் மாட்டியுள்ளார். 10, 20, 30 மீற்றர் என மூன்று வரிகள், எதிரே நிமிடங்கள். பிள்ளைகள் அதனைத் தங்கள் தந்தையருக்கும் தமையன்மாருக்கும் எழுதிக் கொண்டுசென்றனர். அதன் பிரதியொன்றைத் தமது கட்டடத்தில் ஒட்டுவதற்கு ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் இசைந்திருக்கிறார். படகுக்கு ஒன்றாக ஆழமானி வாங்குவது பற்றி அடுத்த மாதக் கூட்டத்திற் பேசுவதாகவும், அன்று என்னையும் விஞ்ஞான ஆசிரியரையும் வருமாறும் அவர் கேட்டிருக்கிறார்.