கடலில் விடுமுன் ஒரு முறை

(செங்கல்பட்டில் நடைபெற்ற வாசிப்பு மஜ்லிஸில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

முதன்முதலில் இறங்கிய வஹீ ஓதுவதைப் பற்றியது; எழுதுகோலையும் அது சேர்த்தே பேசுகிறது. எழுத்துள்ள தாள் காலில் பட்டுவிட்டால் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. பழுதாகிப்போன முஸ்ஹஃபுகளைச் சுத்தமான மண்ணில் அடக்குகிறோம், அல்லது நீரில் விடுகிறோம். கோவளம் முதல் மாமல்லபுரம் வரை கரையோரத்தில் இருப்பவர்களுக்குக் கடல்தான் பக்கம். இது ஆலிம்கள் காட்டிய வழி. இதில் நமக்கு மறுபேச்சு இல்லை.

நம் கவலையெல்லாம் முஸ்ஹஃபோடு சேர்ந்து போய்விடும் மற்றக் கிதாபுகளைப் பற்றித்தான். அரபு எழுத்தில் இருப்பதெல்லாம் குர்ஆன் அல்ல. நம் முன்னோர் தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருந்த எழுத்துகளோடு புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிக்கொண்டார்கள். அதுதான் அரபுத்தமிழ். மார்க்கச் சட்டம், வைத்தியம், பாட்டு எல்லாம் அதில் வந்தன. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியவர்கள் அதில் நூல்கள் இயற்றினார்கள். பள்ளிக்கூடத்துப் படியேறாத நம் பாட்டிமார், குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தமிழையும் படித்தார்கள்.

இன்றைய பிள்ளைகள் தமிழைத் தமிழ் எழுத்தில் படிக்கிறார்கள். குர்ஆனை அரபியில் ஓதுகிறார்கள். இரண்டும் கலந்த இந்த எழுத்து அவர்களுக்குத் தெரியாது. பாட்டியின் பெட்டியைத் திறந்ததும் எல்லாம் 'கிதாபு' என்று ஒரே துணியில் கட்டிக் கரைக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள். அப்படிப் புறப்பட்ட ஒரு மூட்டை, கடலுக்குப் போகாமல் நம்மிடம் வந்தது. பிரித்துப் பார்த்தால், முஸ்ஹஃபின் உதிர்ந்த ஏடுகளுக்கு நடுவே தொழுகைச் சட்டம் சொல்லும் அரபுத்தமிழ் நூல் ஒன்று இருந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் அந்த வீட்டு அம்மா ஒருவர் பிள்ளைகள் பிறந்த நாள், பெரியவர்கள் மவுத்தான நாள், நெல் வாங்கிய விலை எல்லாம் எழுதி வைத்திருந்தார். அந்தக் குடும்பத்தின் சரித்திரம் அலையில் போகவிருந்தது.

நமக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல இது. ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையர், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த சுவடிகள் சாஸ்திரப்படி ஹோமத் தீயில் இடப்பட்டதைக் கேட்டு மனம் நொந்ததை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். எரித்தவர்கள் தமிழுக்குப் பகைவர்கள் அல்லர். மரியாதை என்று எண்ணியே செய்தார்கள். அந்த ஐயர் உலகப் போர் நேரத்தில் சென்னையை விட்டு வந்து தங்கியது நம் திருக்கழுக்குன்றத்தில். 1942 ஏப்ரல் 28 அன்று காலமானதும் அங்கேதான். அவர் சேர்த்த சுவடிகளைக் கொண்டு 1943-இல் தொடங்கிய நூல்நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையும் நினைத்துப் பாருங்கள். 5,000-க்கும் மேற்பட்ட பாடல்கள். ஏட்டில் இருந்த அதை 1842-இல் அச்சேற்றியவர் சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர். அதுவரை யாரோ சிலர் ஏட்டைக் காத்து வைத்திருந்தார்கள்; அதனால்தான் நாம் இன்று ஓதி மகிழ்கிறோம்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, பழைய கிதாபுகளைக் கடலில் விடுமுன் ஒரு முறை உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம், அல்லது நம் அலுவலகத்தில் காட்டுங்கள். முஸ்ஹஃபின் ஏடுகளைப் பிரித்து உரிய கண்ணியத்தோடு அடக்கம் செய்துவிடுவோம். மற்றவற்றைப் படம் எடுத்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தருவோம். நூல் உங்கள் சொத்துதான்.

இரண்டு, கடற்காற்றின் ஈரமும் உப்பும் தாளுக்கு எதிரி. சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அவ்வப்போது நிழலில் காற்றாட விடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே வேண்டாம். நாளடைவில் தாள் பழுத்து எழுத்தும் போய்விடும்.

மூன்றாவதுதான் அவசரமானது. அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் வீட்டுக்கு வீடு குறைந்து வருகிறார்கள். உங்கள் நன்னியோ தாதாவோ வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால், மாலையில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் எழுத்தில் எழுதட்டும். போனில் குரலையும் பதிவு செய்யட்டும். வாசிப்பவருக்கும் சந்தோஷம், கேட்பவருக்கும் சந்தோஷம். தாளைக் காப்பாற்றி வைத்தாலும், அதை வாசிக்க ஆள் இல்லாமல் போனால் பெட்டிக்குள் இருப்பதும் கடலுக்குள் இருப்பதும் ஒன்றுதான்.

நம் முன்னோர் விட்டுச்சென்ற இந்த அமானிதத்தைப் பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.